இணைப்பு அறுந்தது எங்கே?



வீட்டில் விளக்கு எரியவில்லையெனில் நாம் உடனே மின்சார நிலையத்தைக் குறை கூறுவதில்லை. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். அங்கே எரிந்தால் குறை நம் வீட்டில் உள்ளது. அங்கேயும் இருளாக இருந்தால் குறை வெளியில் உள்ளது என்று தெளிகிறோம். எழுதப் படிக்க அறியாத பாட்டியும் இதனை அறிவார். ஆனால், கணினியில் இணையம் நின்றுபோனால் மட்டும் நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. கண்ட பொத்தானையெல்லாம் அழுத்துகிறோம். இருக்கும் கம்பிகளையெல்லாம் பிடுங்கிச் செருகுகிறோம். முடிவில், நன்றாக இருந்ததையும் கெடுத்துவிட்டுத் திகைத்து நிற்கிறோம்.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய செய்தி அன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் அடைபட்டன. ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறிடத்திலுமாக இருந்து இணையத்தின் வழியே பாடம் நடந்தது. அந்நாளில் இணைப்பு அரைநாள் நின்றால் அரைநாள் பாடம் போயிற்று. இன்று பள்ளிகள் வழக்கம்போல் நடைபெறுகின்றன. ஆயினும் வீட்டுப்பாடம், உதவித்தொகை விண்ணப்பம், கட்டணம் செலுத்துதல் எனப் பல காரியங்களுக்கு நாம் இணையத்தையே நாடுகிறோம். பழுது பார்ப்பவரை அழைத்தாலோ கூலி கொடுக்க வேண்டும். சுவரில் கழன்றிருந்த ஒரு கம்பியைச் செருகுவதற்காக ஒரு நாள் உழைப்பின் ஊதியத்தை இழப்பது தகுமா?

ஆகவே, இணையம் நின்றுபோனால் முறையாக ஆராய்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1. செய்தி செல்லும் பாதை

தோட்டத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள தொழிலாளி என்ன செய்வார்? முதலில் வீட்டுக் குழாயைத் திறந்து பார்ப்பார். பிறகு வாசலில் உள்ள அடைப்பானைப் பார்ப்பார். அதன்பின் குழாய் செல்லும் வழியே நடந்து தண்ணீர்த் தொட்டி வரை போவார். எந்த இடம் வரை தண்ணீர் வந்திருக்கிறது என்பதைக் கண்டுவிட்டால், பழுது அந்த இடத்திற்கும் அதற்கு அடுத்த இடத்திற்கும் நடுவேதான் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இணையமும் அப்படிப்பட்ட ஒரு பாதையே. அதில் ஆறு இடங்கள் உள்ளன.

முதலாவது, நம் கணினி. இரண்டாவது, கணினியையும் ரௌட்டரையும் இணைக்கும் வைஃபை அலை அல்லது கம்பி. மூன்றாவது, ரௌட்டர் என்னும் பெட்டி. இது வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் இணையத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. நான்காவது, வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழை முடியும் சுவர்ப்பெட்டி. சில வீடுகளில் இதுவும் ரௌட்டரும் ஒரே பெட்டியாக இருக்கும். ஐந்தாவது, இணையச் சேவை வழங்கும் நிறுவனத்தின் கம்பிகளும் நிலையங்களும். ஆறாவது, நாம் காண விரும்பும் இணையத்தளம் இருக்கும் தொலைதூரக் கணினி. அது வேறு நாட்டிலும் இருக்கலாம். அப்போது நம் செய்தி கடலுக்கடியில் கிடக்கும் இழைகளின் வழியே செல்லும்.

கண்ணாடி இழைக்குள் செய்தி ஒளியாக ஓடுகிறது. அதன் வேகம் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர். அத்துணை விரைவாகச் செல்லும் செய்தியும், வழியில் ஓரிடம் அறுந்திருந்தால் நின்றுவிடும். எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, “ஏன் வரவில்லை?” என்பதன்று, “எது வரை வந்திருக்கிறது?” என்பதே.

2. முதல் நாளிலேயே வந்த தடை

இக்கேள்வி இணையம் பிறந்த நாளிலேயே பிறந்தது. இன்றைய இணையத்துக்கு முன்னோடியாக விளங்கியது அர்ப்பாநெட் என்னும் அமெரிக்க வலையமைப்பு. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்கு முதற்செய்தி அனுப்பப்பட்டது. சார்லி கிளைன் என்னும் மாணவர் ‘லாகின்’ என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தட்டெழுதத் தொடங்கினார். இரு இடத்தாரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே இப்பணியைச் செய்தனர். ‘எல்’ என்னும் எழுத்து வந்ததா என்று இவர்கள் கேட்டார்கள். வந்தது என்று விடை கிடைத்தது. ‘ஓ’ என்னும் எழுத்தும் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் எழுத்தின்போது மறுமுனைக் கணினி செயலிழந்துவிட்டது!

அவர்கள் மனம் தளரவில்லை. குறையைக் கண்டு நீக்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முழுச் சொல்லையும் அனுப்பினர். ஒவ்வோர் எழுத்தும் வந்ததா என்று கேட்டுக்கொண்டே சென்றதால், தடை எங்கே நேர்ந்தது என்பது உடனே புலனாயிற்று. நாம் கைக்கொள்ள வேண்டிய முறையும் அதுவே. காரணம் அறிந்த பின்னரே மருந்து என்னும் கருத்தைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் வலியுறுத்துகிறது அன்றோ?

3. தொடங்குமுன் இரண்டு வினாக்கள்

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள்.

முதல் வினா: இணையம் இந்தக் கணினியில் மட்டும் இல்லையா, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் இல்லையா?

இதை அறிய, அதே வைஃபையில் இணைந்துள்ள ஒரு கைப்பேசியைப் பாருங்கள். அப்போது கைப்பேசியின் சொந்த டேட்டாவை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் அது தன் டேட்டாவில் இணையத்தைக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

இரண்டாம் வினா: ஓர் இணையத்தளம் மட்டும் திறக்கவில்லையா, எந்தத் தளமுமே திறக்கவில்லையா?

இதை அறிய, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று தளங்களைத் திறந்து பாருங்கள்.

இவ்விரு வினாக்களின் விடைகள் பழுதின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

கைப்பேசியில் வருகிறது, கணினியில் வரவில்லை எனில் குறை கணினியில் இருக்கக்கூடும்.
எந்தக் கருவியிலும் வரவில்லை எனில் குறை ரௌட்டரிலோ வெளியிலோ இருக்கக்கூடும்.
ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை எனில் குறை அந்தத் தளத்தில் இருக்கக்கூடும்.
ஓர் அறையில் வருகிறது, மற்றோர் அறையில் வரவில்லை எனில் வைஃபை அலை அங்கே எட்டவில்லை.

4. கணினியைச் சோதித்தல்

குறை கணினியில் இருப்பதாகத் தோன்றினால் பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அ) ‘விமானப் பயண முறை’ தவறுதலாக இயங்குகிறதா? விமானத்தின் சிறு படம் திரையின் மூலையில் தெரிந்தால், கணினியின் வைஃபை அணைக்கப்பட்டிருக்கக்கூடும். சில மடிக்கணினிகளில் விசைப்பலகையின் ஒரு விசையே இதனை இயக்கும். தம்பி தங்கையர் விளையாட்டாக அழுத்தியிருக்கலாம்.

ஆ) கணினி நம் வீட்டு வைஃபையில்தான் இணைந்துள்ளதா? முன்பு ஒருமுறை பயன்படுத்திய வேறொரு வைஃபையை அது தானாகவே பற்றிக்கொண்டிருக்கலாம். பெயரைச் சரிபார்க்க வேண்டும்.

இ) கடவுச்சொல் மாற்றப்பட்டதா? மாற்றியிருந்தால் பழைய இணைப்பை மறக்கச் செய்து, புதிய சொல்லைப் பிழையின்றி உள்ளிட வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு என்பதை மறத்தல் ஆகாது.

ஈ) கம்பியின் வழி இணைத்திருந்தால், அதன் இரு முனைகளும் ‘கிளிக்’ என்னும் ஒலியுடன் பொருந்தியுள்ளனவா? எலி கடித்த கம்பியும் உண்டு. நாற்காலிக் காலில் நசுங்கிய கம்பியும் உண்டு.

உ) கணினியின் நாளும் நேரமும் சரியாக உள்ளனவா? இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அச்சான்றிதழ் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். நம் கணினியின் நாட்காட்டி பல ஆண்டு பின்னுக்குப் போயிருந்தால், அச்சான்றிதழ் செல்லாது என்று எண்ணிக் கணினி அந்தத் தளத்தைத் திறக்க மறுக்கும். பழைய மேசைக்கணினிகளில், நேரத்தைக் காத்துவைக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோனால் இவ்வாறு நேரும். பெரும்பாலும் அது ‘சி.ஆர். 2032’ என்னும் வகையாக இருக்கும். கணினியைத் திறந்து அதை மாற்றுவது பெரியோர் செய்ய வேண்டிய வேலை. நாளையும் நேரத்தையும் திருத்துவது சிறுவரும் செய்யக்கூடியது.

இவற்றில் குறை ஒன்றும் காணாவிடின், கணினியை ஒருமுறை முறைப்படி அணைத்து மீண்டும் இயக்கிப் பாருங்கள்.

5. வைஃபை அலையின் இயல்பு

வைஃபை என்பது வானொலி அலையே. வானொலி அலைக்குப் பகை உலோகமும் தடித்த சுவரும் தண்ணீரும் ஆகும். தகரத்தால் ஆன தடுப்புச் சுவர், இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி ஆகியவற்றின் பின்னால் ரௌட்டரை மறைத்து வைத்தால் அலை வலுவிழக்கும். அழகு கருதி அலமாரிக்குள் பூட்டி வைப்பதும் தவறு. வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து உயரமான, திறந்த இடத்தில் அதனை வைப்பதே நன்று.

இன்றைய ரௌட்டர்களுள் பல இரண்டு வகை அலைகளைத் தருகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். முன்னது வேகம் குறைந்தது. ஆனால் சுவரைக் கடந்து தொலைவு செல்லும். பின்னது வேகம் மிக்கது. ஆனால் சுவரைக் கடக்கும்போது விரைவில் வலுவிழந்துவிடும். கடைசி அறையில் அமர்ந்து படிப்பவர் முன்னதைத் தேர்ந்துகொள்ளலாம். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையையே பயன்படுத்துகிறது. எனவே சோறு சூடாக்கும் நேரத்தில் மட்டும் இணையம் தடுமாறினால் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ஐயம் தீர ஓர் எளிய வழி உண்டு. கணினியை ரௌட்டரின் அருகே கொண்டுசென்று பாருங்கள். அங்கே நன்றாக வேலை செய்தால், கணினியும் ரௌட்டரும் நலமே; தொலைவும் தடையுமே காரணம் என்று தெளியலாம்.

6. ரௌட்டரின் விளக்குகள்

எந்தக் கருவியிலும் இணையம் இல்லையெனில் ரௌட்டரையும் சுவர்ப்பெட்டியையும் பாருங்கள். அவற்றில் உள்ள சிறு விளக்குகள் வெறும் அலங்காரம் அல்ல; அவை நமக்குச் செய்தி சொல்கின்றன.

எல்லா விளக்குகளும் அணைந்திருந்தால் மின்சாரம் வரவில்லை. சுவிட்சையும் பிளக்கையும் பாருங்கள். வைஃபை விளக்கு எரிந்து, இணைய விளக்கு எரியாவிட்டாலோ சிவப்பாக எரிந்தாலோ, வைஃபை அலையில் குறையில்லை. ரௌட்டருக்கு வரும் இணைப்பில் தடை இருக்கக்கூடும். கண்ணாடி இழைப்பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ விட்டுவிட்டு ஒளிர்ந்தாலோ, இழையின் வழியே வரவேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இழை மடங்கியிருக்கலாம், கழன்றிருக்கலாம், வெளியே மரம் விழுந்து அறுந்திருக்கலாம். விளக்குகளின் பெயரும் நிறமும் பெட்டிக்குப் பெட்டி சிறிது வேறுபடும். எனவே, இணையம் நன்றாக இயங்கும் நாளில் எந்தெந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று எழுதி வைப்பது அறிவுடைமை. நலமாக இருந்த நிலையை அறிந்தவரே நலம் குன்றியதை அறிவர்.

அடுத்து, பெட்டிகளை அணைத்து மீண்டும் இயக்கலாம். இதற்கும் ஒரு முறை உண்டு.

முதலில், இரு பெட்டிகளின் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். பெட்டியினுள் தங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்கு அந்த நேரம் வேண்டும். பின்பு சுவர்ப்பெட்டியை இயக்குங்கள். அதன் விளக்குகள் நிலைபெற்ற பின்னர் ரௌட்டரை இயக்குங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். அதன்பின் கணினியில் பாருங்கள். பதற்றத்தில் மீண்டும் மீண்டும் அணைத்து இயக்கினால் பெட்டி தன் வேலையை முடிக்கவே முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை! ரௌட்டரின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். அதனுள் இருக்கும் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால், பெட்டியில் பதிந்துள்ள பயனர் பெயர், கடவுச்சொல் முதலிய அனைத்தும் அழிந்துவிடும். அணைத்து இயக்குதல் வேறு. அழித்துத் தொடங்குதல் வேறு. முன்னது தூங்கி எழுவது போன்றது. பின்னது நினைவையே இழப்பது போன்றது. சேவை நிறுவனத்தார் கேட்டுக்கொண்டாலன்றி அத்துளையைத் தொடாதீர்கள்.

7. எண்ணும் பெயரும்

விளக்குகள் எல்லாம் சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லையெனில், இரண்டு நுட்பமான காரணங்கள் இருக்கலாம்.

லயத்து வீடுகளுக்கு எண் இருப்பதுபோல், இணையத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்முகவரி வேண்டும். நம் கணினிக்கு அந்த எண்ணைப் பொதுவாக ரௌட்டரே வழங்குகிறது. கணினியின் வலையமைப்பு விவரங்களில் இதைக் காணலாம். வீட்டுக் கருவிகளின் எண் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அது 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் கணினி தானே தனக்கு ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். அப்போது வைஃபையைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். தீராவிடின் ரௌட்டரை முன்சொன்ன முறையில் அணைத்து இயக்குங்கள்.

இரண்டாவது காரணம் பெயரைப் பற்றியது. நாம் தளத்தின் பெயரைத் தட்டெழுதுகிறோம். கணினிக்கோ எண் வேண்டும். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாடு ஒன்று இணையத்தில் உள்ளது. இதனை ‘டி.என்.எஸ்.’ என்பர். 1983-ஆம் ஆண்டு பால் மோக்காபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை வகுத்தார். இது தொலைபேசிப் புத்தகம் போன்றது. புத்தகம் தொலைந்தால் தொலைபேசி நன்றாக இருந்தும் நாம் எவரையும் அழைக்க முடியாது அல்லவா?

இதைச் சோதிக்க, உலாவியின் முகவரிக் கட்டத்தில் 1.1.1.1 என்னும் எண்ணைத் தட்டெழுதுங்கள். இது 2018-ஆம் ஆண்டு முதல் பொதுமக்களுக்காக இயங்கி வரும் ஒரு டி.என்.எஸ். சேவையின் எண். இப்பக்கம் திறந்து, பெயரால் தேடும் தளங்கள் மட்டும் திறக்கவில்லையெனில், இணைப்பு உயிரோடுதான் உள்ளது. பெயர்ப் பட்டியல்தான் கிடைக்கவில்லை என்று அறியலாம். ரௌட்டரை அணைத்து இயக்கினால் இக்குறை பல வேளைகளில் நீங்கும்.

8. குறை வெளியில் இருந்தால்

வீட்டுக்குள் எல்லாம் சரியென்றால் வெளியே பார்க்க வேண்டும். முதலில், கட்டணம் செலுத்தப்பட்டதா? கண்ணாடி இழை வராத தோட்டங்களில் பலர் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டையோ சிம் அட்டை போட்ட ரௌட்டரையோ பயன்படுத்துகின்றனர். அவர்கள் டேட்டா அளவு தீர்ந்ததா, காலக்கெடு முடிந்ததா என்று பார்க்க வேண்டும். அலைக்கோபுரத்தின் வலு இடத்துக்கு இடம் மாறும். பெட்டியைச் சன்னலோரம் வைத்தாலே குறை தீர்வதும் உண்டு.

பின்பு, “அண்ணே, உங்கள் வீட்டில் இணையம் வருகிறதா?” என்று அண்டை வீட்டாரைக் கேளுங்கள். அவரும் அதே நிறுவனத்தின் சேவையைப் பெறுபவராக இருந்து, அவருக்கும் வரவில்லையெனில் பழுது பொதுவானது. நாம் நம் கணினியைப் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை.

உலகம் முழுவதையும் தொட்ட பழுதுகளும் நேர்ந்துள்ளன. 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் தைவானின் தென்பகுதியை ஒட்டி நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடிக் கம்பிகள் பல அறுந்தன. மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட பல ஆசிய நாடுகளில் இணையம் தளர்ந்தது. கப்பல்கள் சென்று கம்பிகளை மேலே தூக்கிப் பழுதுபார்த்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஃபேஸ்புக், வாட்சாப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றன. அந்நிறுவனத்தின் வலையமைப்பில் செய்யப்பட்ட ஒரு தவறான மாற்றமே அதற்குக் காரணம். அன்று தம் கைப்பேசிதான் கெட்டுவிட்டதென்று எண்ணி எல்லாவற்றையும் அழித்தவர் வீணே துன்புற்றார். இரண்டாம் வினாவைக் கேட்டவரோ, மற்றத் தளங்கள் திறப்பதைக் கண்டு, அமைதியாகக் காத்திருந்தார்.

9. செய்யத் தகாதவை

ஒன்று: இடி மின்னல் நேரத்தில் கம்பிகளைத் தொடாதீர்கள். உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. மழை கறுத்து வரும்போதே, இடி தொடங்கும் முன்னர், பெரியோர் பிளக்கை எடுத்துவிட வேண்டும்.

இரண்டு: ஈரக்கையால் பிளக்கைத் தொடாதீர்கள். பெட்டியைத் திறக்காதீர்கள்.

மூன்று: கழன்ற கண்ணாடி இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடும். இழையைக் கூர்மையாக மடக்குவதும் ஆகாது. மடங்கிய இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும்.

நான்கு: நாம் அழைக்காமலே ஒருவர் தொலைபேசியில் வந்து, “உங்கள் இணையத்தைச் சரிசெய்கிறேன், நான் சொல்லும் செயலியைப் பதிவிறக்குங்கள், வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்றால் நம்பாதீர்கள். கடவுச்சொல்லையும் வங்கி அனுப்பும் இரகசிய எண்ணையும் எவருக்கும் கூறலாகாது. மலேசியாவில் இத்தகைய மோசடியில் பணம் இழந்தோர் உடனே அழைப்பதற்கென்றே 997 என்னும் எண் 2022-ஆம் ஆண்டு முதல் உள்ளது.

10. ஒரு வேளையில் ஒரு மாற்றம்

இம்முறை முழுவதற்கும் உயிர்நாடியான விதி ஒன்று உண்டு. ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். செய்த பின் சோதிக்க வேண்டும். ஒரே நேரத்தில் கம்பியை மாற்றி, கடவுச்சொல்லையும் மாற்றி, ரௌட்டரையும் இடம் மாற்றினால், இணையம் வந்துவிட்டாலும் எது மருந்தாயிற்று என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

ரௌட்டரின் அருகே ஒரு சிறு குறிப்பேட்டை வையுங்கள். நாள், நேரம், எரிந்த விளக்குகள், செய்த செயல், கிடைத்த பயன் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். சில வாரங்களில் அக்குறிப்பேடு ஓர் உண்மையைச் சொல்லும். மழை பெய்யும் போதெல்லாம் இணைப்பு அறுந்தால், வெளியே எங்கோ ஓர் இணைப்பில் தண்ணீர் புகுகிறது என்று ஐயுறலாம். மாலையில் மட்டும் தளர்ந்தால், ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தும் நெருக்கடி காரணமாகலாம்.

சேவை நிறுவனத்தை அழைக்கும்போதும் இக்குறிப்பேடு கைகொடுக்கும். “இணையம் வரவில்லை” என்று மட்டும் கூறினால், மறுமுனையில் இருப்பவர் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்பார். “காலை 8 மணி முதல் எந்தக் கருவியிலும் இணையம் இல்லை, எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறது, இரண்டு பெட்டிகளையும் முறைப்படி அணைத்து இயக்கிவிட்டோம், அடுத்த வீட்டிலும் இல்லை” என்று கூறினால் அவரும் உடனே ஆவன செய்ய முடியும். கணக்கு எண்ணையும், அவர்கள் தரும் புகார் எண்ணையும் குறித்து வைத்தல் வேண்டும். புகாருக்குத் தீர்வே கிடைக்காவிடின், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடவும் வழி உண்டு. அப்போது நாளும் நேரமும் எழுதப்பட்ட குறிப்பேடே நமக்குச் சாட்சி.

11. பெற்றோர்க்கு ஒரு சொல்

“எனக்குக் கணினி தெரியாது; பிள்ளைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று ஒதுங்கும் பெற்றோர் பலர். அன்பர்களே! குழாயின் வழியே நடந்து அடைப்பைக் கண்டுபிடிக்க உங்களுக்குத் தெரியும். ஆலை இயந்திரம் நின்றால் முதலில் சுவிட்சையும், பிறகு வாரையும், அதன் பிறகே மோட்டாரையும் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இணையத்துக்கு வேண்டிய அறிவும் அதே அறிவுதான். பெயர்கள் மட்டுமே புதியவை.

எனவே, பிள்ளை கணினியின் முன் கலங்கி நிற்கும்போது அருகில் அமருங்கள். “எது வரை வந்திருக்கிறது? கைப்பேசியில் வருகிறதா? விளக்கு என்ன நிறம்?” என்று கேளுங்கள். விடையைப் பிள்ளை கண்டுபிடிக்கட்டும்; வினா உங்களுடையதாக இருக்கட்டும்.

மாணவர்களே! இணையத்துக்கு மட்டும் உரியதன்று இம்முறை. கணக்கில் விடை தவறினால், எந்த வரி வரை சரியாக வந்திருக்கிறது என்று பாருங்கள். வாக்கியம் பொருள் தராவிட்டால், எந்தச் சொல் வரை பொருள் விளங்குகிறது என்று பாருங்கள். தடை ஏற்பட்ட இடத்தைக் கண்டவர் பாதி வெற்றி பெற்றவர் ஆவார்.

பயிற்சி

1. அப்பாவின் கைப்பேசியில் வைஃபை வழியாக இணையம் வருகிறது. உன் கணினியில் வரவில்லை. முதலில் பார்க்க வேண்டிய மூன்றினைக் கூறு.

2. அணைத்து இயக்குதலுக்கும் அழித்துத் தொடங்குதலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. 1.1.1.1 என்னும் எண் திறக்கிறது. பெயரால் தேடும் தளங்கள் திறக்கவில்லை. இதனால் நீ அறிவது என்ன?

4. உன் வீட்டு ரௌட்டரின் விளக்குகளை இன்று பார்த்து, அவற்றின் பெயரையும் நிறத்தையும் குறிப்பேட்டில் எழுதுக. இணைய வசதி இல்லாத வீட்டு மாணவர், பள்ளிக் கணினிக் கூடத்தில் ஆசிரியரின் அனுமதியுடன் இதனைச் செய்க.